தடைக்காலத்துச் சூரைப் புட்டு: ஒரு கடலுணவு உணவகத்தில் ஏழு பேருக்கு ஏற்பட்ட ஹிஸ்டமின் நச்சு

பின்னணி

சென்னையில் பேர்பெற்ற ஒரு கடலுணவு உணவகம். கீழ்த்தளமும் மாடியும் சேர்த்து 90 பேர் உட்காரலாம். ஞாயிறு மதியம் டோக்கன் போட்டுக் காத்திருந்துதான் இடம் கிடைக்கும். வஞ்சிரம் தவா வறுவல், நெத்திலி வறுவல், இறால் தொக்கு, நண்டு மசாலா எல்லாம் நன்றாகப் போகும். ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது சுறாப் புட்டு.

அங்கே மீன் புட்டு சாப்பிட்ட ஏழு பேருக்கு ஹிஸ்டமின் நச்சு (மீன் சரியாகக் குளிராமல் கிடக்கும்போது சதையில் உருவாகி, ஒவ்வாமை போன்ற அறிகுறிகளைத் தரும் பொருள்) ஏற்பட்ட நிகழ்வு நடந்தது மே மாத முதல் பாதியில். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கொண்டுவருகிற மீன் ஓட்டல்களின் தேவைக்குப் போதாது. மேற்குக் கரைத் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால், ஏப்ரல் பிற்பாதியிலும் மே மாதத்திலும் சென்னை ஓட்டல்களுக்கு வரும் கடல்மீனில் பெரும்பங்கு கேரள, கர்நாடகத் துறைமுகங்களில் இறங்கி, இரவு முழுக்க லாரியில் பயணப்பட்டு வருவது. விலை ஏறும், கேட்ட மீன் கிடைக்காது, கிடைத்ததை வைத்துப் பட்டியலை ஓட்ட வேண்டியிருக்கும்.

அந்த ஆண்டு புட்டுக்கு ஏற்ற பால்சுறா சரியாகக் கிடைக்கவில்லை. புட்டைப் பட்டியலிலிருந்து எடுக்க மனமில்லாமல், சூரையை (டியூனா) வைத்துச் செய்தார்கள். மெனு அட்டையில் "மீன் புட்டு" என்று மாற்றி ஒட்டியதால் வாடிக்கையாளரை ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. மீன் மாறியபோது சோதிக்கும் முறை மாறவில்லை என்பதுதான் இங்கே கோளாறு.

சனிக்கிழமை: பெட்டி வந்த நேரம்

அதிகாலை 5.10-க்கு மூன்று தெர்மாகோல் பெட்டிகள் இறங்கின. ஒன்றில் சூரை: 8 மீன், 22 கிலோ. இரவுப் பணியில் இருந்த உதவியாளர் எடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, பெட்டிகளைப் பின்கட்டில் நிழலில் வைத்தார். மூடியைத் திறந்து பார்ப்பது அவர் வேலை இல்லை என்பதே அங்கே வழக்கம். புட்டு மாஸ்டர் 8.15-க்கு வந்து திறந்தபோது மேலே இருந்த ஐஸ் கரைந்து, மூன்று மீன்கள் ஐஸுக்கு வெளியே கிடந்தன. அடியில் இருந்த ஐந்தும் நன்றாகப் புதைந்திருந்தன.

மாஸ்டர் செவுளைத் தூக்கி முகர்ந்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். கண் லேசாக மங்கியிருந்தது, நாற்றம் இல்லை. "நல்லா இருக்கு, போடு" என்றார்.

பிறகு நடந்தது எந்த ஓட்டல் பின்கட்டிலும் நடக்கக்கூடியது. மேலே கிடந்த மூன்று மீன்கள் கைக்கு முதலில் வந்ததால் முதலில் வெட்டப்பட்டன. தலையும் குடலும் நீக்கி, பெரிய துண்டுகளாக்கி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவி, ஆழமான அலுமினியப் பாத்திரத்தில் போட்டார்கள். ஆகவே அவை பாத்திரத்தின் அடிக்குப் போயின. அடுத்து ஐஸிலிருந்து எடுத்த மூன்று மீன்களின் துண்டுகள் அவற்றின் மேல் விழுந்தன. கடைசி இரண்டும் முழுசாக டீப் ஃப்ரீசருக்குப் போயின. ஏறக்குறைய 12 கிலோ துண்டுகள், ஒரு சாண் ஆழத்துக்கு நெருக்கி அடுக்கி, மூடி போட்டு, காலை 10 மணிக்குச் செங்குத்தான குளிர்பெட்டிக்குள் வைக்கப்பட்டன. கதவின் மேலிருந்த எண் 4 டிகிரி காட்டியது.

சனிக்கிழமை மதியம் மேலடுக்கில் 4 கிலோ எடுத்துப் புட்டு செய்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம்

மீதி 8 கிலோவை இரண்டு ஈடாகச் செய்தார்கள். காலை 10.30-க்கு வெந்த முதல் ஈடு 12.05-லிருந்து பரிமாறப்பட்டது. பாத்திரத்தின் நடுவிலும் அடியிலும் இருந்த துண்டுகள் இரண்டாம் ஈடுக்குப் போயின. மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் வேகவைத்து, தட்டில் கொட்டி ஆறவிட்டு, தோல், முள், கறுப்புச் சதை எல்லாம் நீக்கி, கையால் உதிர்த்து, வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாயுடன் வதக்கி இறக்கினார்கள். 12.50-லிருந்து அது மேசைகளுக்குப் போனது.

கீழ்த்தளத்தில் 7-ஆம் மேசையில் ஆறு பேர் இருந்தார்கள். 1.05-க்குப் புட்டு வந்தது. 1.25-க்குள் மூன்று பேருக்கு முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆனது. ஒருவருக்குப் பின்மண்டையில் விண்விண்ணென்று வலி, இன்னொருவருக்கு நெஞ்சு படபடப்பு, மூன்றாமவருக்குக் கையிலும் மார்பிலும் அரிப்போடு தடிப்பு. அவர்களில் ஒருவர், புட்டு வாயில் மிளகு கடித்ததுபோல் சுள்ளென்று இருந்ததாகவும், காரம் கூடிவிட்டது என்று நினைத்ததாகவும் சொன்னார்.

1.30-க்கு கேப்டன் (பரிமாறுவோரின் தலைவர்) மேற்பார்வையாளரிடம் வந்து, "அண்ணே, ஏழாம் மேசையில மூணு பேருக்கு மூஞ்சி சிவந்துபோச்சு" என்றார். "இறால் ஒத்துக்கலையா இருக்கும், லெமன் ஜூஸ் குடுத்து உட்கார வை" என்று பதில் வந்தது. அடுத்த அரை மணியில் மேலும் நான்கு தட்டுப் புட்டு வெளியே போனது. அதில் ஒன்று மாடியில் இருந்த ஒரு தம்பதிக்கு. 1.55-க்கு அவர்கள் இருவரும் அதே அறிகுறிகளோடு கீழே இறங்கி வந்தார்கள்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

இரண்டு மணிக்குப் புட்டு நிறுத்தப்பட்டது. நிறுத்த வைத்தவர் கேப்டன்தான். 7-ஆம் மேசையில் சிவந்த மூவரில் ஒருவர் இறாலைத் தொடவே இல்லை என்பதையும், இறால் மட்டும் சாப்பிட்ட பையன் நன்றாக இருப்பதையும் அவர் கவனித்திருந்தார். ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு ஒரே வேளையில் புதிதாக ஒவ்வாமை வராது. மாடியில் இருக்கும் இருவருக்கும் அதுவே என்றால், கோளாறு தட்டில் இருக்கிறது.

அடுத்த முடிவுக்குத்தான் சற்று வாக்குவாதம். மீதிப் புட்டைக் குப்பையில் கொட்டி, பாத்திரத்தைக் கழுவிவிடச் சொன்னார் மாஸ்டர். எந்தச் சமையலறையிலும் முதலில் எழும் எண்ணம் அதுதான். அதைச் செய்திருந்தால் காரணம் கடைசிவரை ஊகமாகவே நின்றிருக்கும். மேற்பார்வையாளர் மீதியை இரண்டு சுத்தமான டப்பாக்களில் போட்டு, நேரம் எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் தனியாக வைத்தார். வேகவைக்காத சூரை இரண்டும் அப்படியே இருந்தன.

பாதிக்கப்பட்ட ஐவரையும் வண்டி ஓட்ட விடாமல், உணவக வாகனத்திலேயே அருகிலிருந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தலைசுற்றலும் படபடப்பும் இருக்கும்போது இது சரியான முடிவு. மூச்சுத் திணறலோ நாக்கு வீக்கமோ இருந்திருந்தால் 108-ஐ அழைப்பதுதான் முறை. அந்த நிலையில் அது ஒவ்வாமையா நச்சா என்று வாசலில் நின்று ஆராயக் கூடாது.

நால்வர் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தில் சில மணி நேரத்தில் தெளிந்தார்கள். மாடியில் சாப்பிட்ட ஒருவருக்கு மட்டும் இரத்த அழுத்தம் இறங்கி, இரவு தங்க வேண்டியதாயிற்று. அவர் காசநோய்க்கு ஐசோனியசிட் எடுத்துக்கொண்டிருந்தவர். உணவில் வரும் ஹிஸ்டமினை உடல் சிதைப்பதை அந்த மருந்து தடுக்கும். அதனால் மற்றவருக்கு முகச் சிவப்போடு போகிற அளவு, இந்த மருந்து எடுப்பவர்களைப் படுக்கையில் தள்ளிவிடும். காசநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் சூரை, மத்தி, அயிலை போன்றவற்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்திதான், சாப்பாட்டு மேசை வரை வருவதில்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அன்று மாலையே தகவல் சொல்லப்பட்டது. அவர் வந்து எடுக்கும் மாதிரிக்குத்தான் சட்டப்படியான மதிப்பு. உணவகம் தானாக ஆய்வகத்துக்கு அனுப்புவது தன் தவற்றைத் தான் தெரிந்துகொள்ள மட்டுமே. இரண்டும் நடந்தன.

தடம் தேடியதில் தெரிந்தவை

சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டுகளில் நேரம் அச்சாகியிருந்தது பெரிய உதவி. அன்று போன புட்டு 23 தட்டு. முதல் ஈட்டில் 11, இரண்டாம் ஈட்டில் 12. பில்களில் போன் எண் இருந்தவர்களைத் திங்களன்று அழைத்துக் கேட்டதில், இன்னும் இருவருக்கு அதே தொல்லை வந்து வீட்டிலேயே சரியாகியிருந்தது தெரிந்தது. ஆக ஏழு பேர். ஏழு பேருமே 12.50-க்குப் பிறகு வந்த புட்டைச் சாப்பிட்டவர்கள். இறால் சாப்பிட்டவர்கள் அவர்களில் மூவர், வஞ்சிரம் சாப்பிட்டவர்கள் இருவர்.

போன் செய்வதா வேண்டாமா என்பதில் உரிமையாளர் தயங்கினார். ஊருக்கெல்லாம் நாமே சொன்னதாகிவிடும் என்பது அவர் கவலை. கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த அழைப்புகள் இல்லாவிட்டால் முதல் ஈட்டையும் இரண்டாம் ஈட்டையும் பிரித்துப் பார்க்க வழியே இருந்திருக்காது.

ஞாயிறு மாலை அதே அளவு பாத்திரத்தில், அதே ஆழத்துக்கு, அன்று வெட்டிய பாறை மீனை நிரப்பி அதே குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். நான்கு மணி நேரம் கழித்துக் கதவில் 4 டிகிரி. நடுவில் குத்திய வெப்பமானியில் 17 டிகிரி. கதவில் தெரிவது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை, மீனுடையது அல்ல. மதிய நேரத்தில் அந்தக் கதவு ஓயாமல் திறந்து மூடப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வக முடிவில் புட்டில் ஹிஸ்டமின் அளவு, கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர விதிகளின் வரம்பான கிலோவுக்கு 200 மில்லிகிராமைப் பல மடங்கு தாண்டியிருந்தது. ஃப்ரீசரில் இருந்த இரண்டு மீன்களில் 100-க்கும் கீழே. ஆகவே பெட்டி முழுவதுமே கெட்டு வந்தது என்று வியாபாரி மேல் பழிபோட முடியவில்லை. ஐஸ் போதாமல் அனுப்பியது அவர் பங்கு. மீதி உணவகத்தின் பங்கு.

ஏன் இப்படி ஆகிறது

சூரை, அயிலை, மத்தி, வஞ்சிரம் போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. செவுளிலும் குடலிலும் இயல்பாக இருக்கும் மார்கனெல்லா மார்கனி முதலிய பாக்டீரியாக்கள் மீன் செத்தபின் சதைக்குள் பரவி, ஒரு நொதியின் மூலம் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. சென்னை வெயிலில் இதற்குச் சில மணி நேரம் போதும். வேகவைத்தால் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் சாகாது. வறுத்தாலும் டப்பாவில் அடைத்தாலும் அப்படியே இருக்கும். உறையவைத்தால் புதிதாக உருவாவது நிற்கும், உருவானது போகாது. நொதி ஒருமுறை சேர்ந்துவிட்டால், மீன் உறைநிலையிலிருந்து இளகியதும் அது மறுபடி வேலையைத் தொடங்கும்.

ஒரே மீனில்கூட ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் அளவு பெரிதாக வேறுபடும். ஐரோப்பிய ஒன்றிய விதி ஒரு சரக்கிலிருந்து 9 மாதிரி கேட்பது இதனால்தான். ஒரே புட்டைச் சாப்பிட்ட எல்லோருக்கும் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் பாதி விடை இதில் இருக்கிறது. மீதிப் பாதி, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பது.

மாஸ்டரின் மூக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் அனுபவக்குறைவானவர் அல்ல. பல ஆண்டுகளாகச் சுறாவை முகர்ந்து பழகியவர். சுறாவின் சதையில் யூரியா இருக்கும், பழையதாகும்போது அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். கெட்ட சுறா தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் மீன். சூரை அப்படி இல்லை. ஹிஸ்டமினுக்கு மணம் கிடையாது. வழக்கமான மீன் நாற்றம் வேறு வேதிப்பொருட்களால் வருவது, அது வருவதற்கு முன்பே ஹிஸ்டமின் ஆபத்தான அளவைத் தொட்டுவிடலாம். நாக்கில் படும் மிளகுக் காரம் ஒன்றுதான் அடையாளம், அதையும் பூண்டும் பச்சைமிளகாயும் மறைத்துவிட்டன. தவா வறுவலாக இருந்திருந்தால் யாராவது முதல் வாயிலேயே தட்டைத் தள்ளியிருக்கலாம்.

துண்டுகளின் வரிசையும் கெட்டநேரமாக அமைந்தது. பெட்டியில் வெப்பம் அதிகம் பட்ட மீன் முதலில் வெட்டப்பட்டு, பாத்திரத்தின் அடிக்குப் போய், மெதுவாகக் குளிர்ந்து, கடைசியாகச் சமைக்கப்பட்டது.

பிறகு செய்த மாற்றங்கள்

முதல் மாற்றம் வாசலில். சரக்கு இறங்கும்போது யார் பணியில் இருந்தாலும் மூடியைத் திறந்து, மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என இரண்டு மீனில் கம்பி வெப்பமானியைக் குத்த வேண்டும். செவுளுக்குப் பின்னால், முதுகெலும்பைத் தொடும் ஆழத்துக்கு. சூரை வகை மீன்களில் 4 டிகிரிக்கு மேல் காட்டினால் பெட்டி திரும்பிப் போகும். கருவி விலை அதிகமில்லை. வாரம் ஒருமுறை, நொறுக்கிய ஐஸ் நிரம்பிய தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மீனில் குத்தியதைத் துடைக்காமல் அடுத்ததில் குத்தினால் கெடுதலைத் தாமே பரப்பியதாகும்.

அடுத்து ஐஸ் கணக்கு. 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0-க்குக் கொண்டுவரவே சுமார் 300 கிராம் ஐஸ் கரைய வேண்டும். குளிர்ந்ததை அப்படியே தக்கவைக்க, வழிநெடுகக் கரைவதை ஈடுகட்ட, தனியாக வேண்டும். அதனால்தான் நம் ஊர் வெப்பத்துக்கு மீனுக்கு நிகரான எடை ஐஸ் என்று வைக்கிறார்கள். வியாபாரியிடம் அதையே நிபந்தனையாகச் சொன்னார்கள். ஐஸ் அடியிலும் மேலும் மட்டும் இருந்தால் போதாது, மீனுக்கு இடையிலும் இருக்க வேண்டும். பாளத்தைச் சுத்தியலால் உடைத்துப் போட்ட பெரிய கட்டிகள் மீனைத் தொடாமல் இடைவெளி விடும், கூர்முனை சதையைக் கிழிக்கும். நொறுக்கிய ஐஸ்தான் வேண்டும். கரைந்த தண்ணீர் வெளியேறப் பெட்டியின் அடியில் துளையும் தேவை.

ஆழப் பாத்திரம் ஒழிக்கப்பட்டது. வெட்டிய மீன் மூன்று அங்குலத்துக்கு மிகாத தட்டுகளில், துளையிட்ட உள்தட்டின் மேல், ஐஸோடு வைக்கப்படுகிறது. அவசரமாகக் குளிரவைக்க வேண்டியதை இரண்டு பங்கு ஐஸ், ஒரு பங்கு தண்ணீர் சேர்த்த கலவையில் உறையோடு அமிழ்த்துகிறார்கள். நீர் எல்லாப் பக்கமும் உறையை ஒட்டிச் சூழ்வதால் இது சும்மா ஐஸில் வைப்பதைவிட வேகமாகக் குளிரவைக்கும். தட்டில் மீன் வந்த தேதி ஒட்டியிருக்கும், ஆர்டர் சீட்டில் ஈடு எண் அச்சாகும்.

பட்டியலில், தடைக்காலம் முடியும்வரை சூரைப் புட்டு நீக்கப்பட்டது. அதற்குப் பதில் பண்ணையில் வளர்க்கும் கொடுவா வந்தது. வெள்ளைச் சதை, தடைக்கும் அதற்கும் தொடர்பில்லை, இந்த நச்சு அதில் பெரிய கவலை அல்ல. புட்டுக்கு உதிர்வும் பரவாயில்லை, ருசியில் சுறாவுக்கு எட்டாது. வஞ்சிரத்தை நீக்க உரிமையாளர் ஒப்பவில்லை. அதுவும் சூரையின் குடும்பம்தான் என்பதால் வாசல் சோதனை அதற்கும் பொருந்தும் என்று முடிவாயிற்று.

விளைவு

முதல் இரண்டு வாரத்தில் மூன்று பெட்டிகள் திரும்பிப் போயின. வியாபாரி கோபித்துக்கொண்டு சில நாள் சரக்கு நிறுத்தினார், பிறகு ஐஸ் கூலியைத் தனியாக வாங்கிக்கொண்டு திரும்பினார். மருத்துவச் செலவை உணவகம் ஏற்றது. ஒரு குடும்பம் இணையத்தில் கடுமையாக எழுதியது. "எங்கள் மீன் எப்போதும் புதியது" என்று முதலில் எழுதி வைத்திருந்த பதிலைக் கிழித்துவிட்டு, எந்த உணவு, எந்த நேரத்துக்குப் பிறகு, எதனால், என்ன மாற்றினோம் என்று நான்கு வரியில் பதில் போட்டார்கள். அந்தக் குடும்பம் பதிவை நீக்கவில்லை.

வாசலில் எடுத்த வெப்பநிலையை எழுதும் பதிவேட்டில் பழைய பழக்கம் சீக்கிரமே தலைகாட்டியது. மூன்றாம் வாரத்தில் எல்லா வரியிலும் 4, 4, 4 என்று ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருந்தது. நிஜமான அளவீடு 1.8, 3.1, 0.6 என்று முன்பின்னாக இருக்கும். இப்போது வெப்பமானி மீனில் குத்தியிருக்கும்போதே போனில் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும்.

மறுபடி நடந்தால் மாற வேண்டியவை

முதல் புகாருக்கும் நிறுத்தத்துக்கும் இடையே அரை மணி நேரம் போனது. மாடித் தம்பதி அந்த அரை மணியில் சிக்கியவர்கள், அதில் ஒருவர்தான் இரவு தங்கியவர். ஒரே மேசையில் இருவருக்கு மேல் முகம் சிவந்தால், காரணம் புரியும் முன்பே அந்த மேசைக்குப் போன மீன் உணவு அனைத்தையும் நிறுத்தும் அதிகாரம் கேப்டனுக்கு இருக்க வேண்டும். இப்போது இருக்கிறது. ஐந்து நிமிட விற்பனை நிற்பதால் வரும் நட்டம் சிறியது.

வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்ததும் திங்கள் வரை இழுத்தது. அந்த இருவரில் ஒருவர் பார்சல் வாங்கியவர். மீதிப் புட்டை இரவும் சாப்பிட வைத்திருந்திருக்கிறார். அன்று பிற்பகலே அழைத்திருந்தால் அதைத் தடுத்திருக்கலாம்.

சரி செய்ய முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. மீன் எந்தத் துறைமுகத்தில், எந்த நாள் இறங்கியது, படகில் எத்தனை நாள் இருந்தது என்பது எடைச் சீட்டில் இன்றும் வருவதில்லை. ஏலத்தில் கைமாறி லாரியில் ஏறும்போது வெவ்வேறு படகுகளின் மீன் ஒரே பெட்டியில் சேர்ந்துவிடுகிறது, வியாபாரிக்கே பிரித்துச் சொல்ல முடியாது. வாசலில் 2 டிகிரி காட்டும் மீன் முந்தின நாள் கடற்கரை மணலில் மூன்று மணி நேரம் கிடந்து பிறகு குளிர்ந்ததாகவும் இருக்கலாம். அதனால் தடைக்காலத்தில் வரும் சூரை வகைப் பெட்டிகளில் மாதம் இரண்டிலிருந்து ஆய்வகத்துக்கு மாதிரி போகிறது, முடிவு வரும்வரை அந்தப் பெட்டி ஃப்ரீசரிலேயே இருக்கிறது.